மாமாவைப் பாடச் சொல்லாதே

அன்புள்ள சேவியர்,

போனில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், சொல்ல வேண்டியவற்றை உன் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரிசையாகக் குறித்து வைத்துக்கொண்டேன். முதல் வரியை முடிப்பதற்குள் நீ, "அப்பா, நீங்க எப்பவுமே இப்படித்தான் பயப்படுவீங்க" என்றாய். நான் "ஆமாம்ப்பா" என்று சொல்லிவிட்டு போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு இருவரும் புடவை பற்றிப் பேசினீர்கள். நான் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். நீ சொன்னது பொய்யில்லை, நான் பயப்படுகிறவன்தான். ஆனால் பயப்படுகிறவன் சொல்வதெல்லாம் தப்பாகிவிடாது என்று இப்போது தோன்றுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அது ஒன்றுதான் எனக்கு வசதி.

விஷயம் இதுதான். உன் கல்யாண வரவேற்பில் அந்தோணி மாமாவைப் பாடச் சொல்லாதே. நீயே கேட்டுவிட்டாய், அவரும் சரியென்றுவிட்டார், எனக்குத் தெரியும். கேட்டதை நீதான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நானும் உன் அம்மாவும் டிரம்ஸ் சலீம் பாயும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டோம்.

மாமாவுக்கு அடிபட்ட அன்று நீ சென்னையில் இருந்தாய். அப்புறம் யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்தாய். வீடியோவில் அது பெரிய வேடிக்கை மாதிரி இருக்கிறது. நடந்ததை நான் சொல்கிறேன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழா. வருஷம் தவறாமல் நம் கோமுகி ரிதம்ஸ் குழுவை அழைக்கிற ஊர். சமவெளியில் எங்களை யார் கூப்பிட்டாலும் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். ரிஷிவந்தியத்திலோ களமருதூரிலோ மாமா தன் சொந்தப் பாட்டை எடுத்தால், முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். மலையில் மட்டும் அவருடைய பாட்டுகளை விரும்பிக் கேட்டார்கள். "நம்பளுது ஆர்க்கெஸ்ட்ரா இல்ல மாப்ள, ராக் பேண்டு. மலைக்காரனுக்குத் தெரியுது, கீழ இருக்கறவனுக்குத் தெரியல" என்று வேன் மலை ஏறும்போதெல்லாம் சொல்வார். மலைப்பாதையின் வளைவுகளில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நான் தலையாட்டுவேன்.

கடைசிப் பாட்டின் நடுவில் அவர் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி, சலீம் பாய் டிரம்ஸை உருட்டும்போது அங்கிருந்து குதிப்பார் என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு நீ கட்டில் மேலிருந்து குதித்துப் பல்லை உடைத்துக்கொண்டாய். அறுபதைத் தாண்டியும் அவர் அதை விடவில்லை. அன்று மாலையிலிருந்தே பனி இறங்கிக்கொண்டிருந்தது, பெட்டியின் மேல்பக்கம் ஈரமாக இருந்ததை நான் துணியால் துடைத்தேன். துடைத்த பிறகும் தொட்டுப் பார்த்தேன், ஈரமாகத்தான் இருந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனார். ஏறினார், கால் வழுக்கியது. கீழே பாடகருக்காக வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரின் விளிம்பில் தொண்டை இடிக்க விழுந்தார்.

ஜனங்கள் அதையும் வித்தை என்று நினைத்து விசில் அடித்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் செய்ததைக் கேள். நாங்கள் வாசித்துக்கொண்டே இருந்தோம். மேடையில் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். சத்தத்தில் பேச முடியாது, எல்லாம் கைச்சாடைதான். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் சுருதியை இறக்கு. விரலைச் சுழற்றினால் பல்லவிக்குத் திரும்பு. கன்னத்தைக் கையில் சாய்த்தால், யாரோ தூங்கி வழிகிறீர்கள், வேகம் குறைகிறது. கையை மூடி உயர்த்தினால் பாட்டை முடி. முடிக்கச் சொல்வது பாடுகிறவர் மட்டும்தான். அவர் கை மூடாதவரை யாரும் நிறுத்தக்கூடாது. இந்த ஒழுங்கை வாலிப வயதில் கோயில் பாடகர் குழுவிலிருந்தே அவர் எங்களுக்குள் ஏற்றிவிட்டார். அன்றும் சலீம் பாய் உருட்டிக்கொண்டே இருந்தார். கீபோர்டு குப்புசாமி ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்திருந்தார். நான் பேஸ் கிட்டாரில் அதே நரம்பை மீட்டிக்கொண்டு, தரையில் கழுத்தைப் பிடித்தபடி கிடந்த மனிதரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை மெதுவாக உயர்ந்து மூடிய பிறகுதான் நிறுத்தினோம். படித்தவன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், இதைச் செய்தேன். நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

குரல்வளைக் குருத்தெலும்பில் விரிசல் என்று சேலத்து டாக்டர் சொன்னார். பொறுமையாக இருந்தால் பேச்சு வரும், பாட்டு வராது என்றார். பாட முயன்று உள்ளே இன்னொரு முறை புண்ணானால் வீங்கி மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும், அப்புறம் கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சுவிட வேண்டியிருக்கும் என்று படம் வரைந்து காட்டினார். மாமா அந்தப் படத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி உள்ளங்கையைக் கீழே அழுத்தினார். சுருதியை இறக்கினால் பாடலாமா என்று டாக்டரைக் கேட்கச் சொல்கிறார். நான் கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்படித்தான் என் மொழிபெயர்ப்பு வேலை தொடங்கியது. சில வாரங்கள் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்று அவருக்குக் கட்டளை. எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன், அதை அவர் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டார். மேடைச் சாடைகளே போதும் என்று முடிவு செய்துவிட்டார். அவை புரிகிற ஆளாக நான் பக்கத்துத் தெருவில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வந்து வாசலில் நின்று கைதட்டுவார், நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். கடைத்தெரு, ரேஷன் கடை, கோயில், எங்கும் அவர் கையை ஆட்ட நான் பேச வேண்டும். வாழ்நாள் முழுக்க யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசாதவனை இந்த மனிதருக்கு வாயாக வைத்தது யார் என்று தெரியவில்லை. மீன்காரம்மாவிடம் கன்னத்தைக் கையில் சாய்த்துக் காட்டினார். மீன் எப்போதோ தூங்கிவிட்டது என்று அர்த்தம். நான், "கொஞ்சம் முந்தா நாள் மீன் மாதிரி தெரியுதோன்னு கேக்கறாருங்க" என்றேன். அந்தம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவரு இன்னா காட்டறாருன்னு எனக்கே பிரியுது சார். நடுவுல நீங்க இன்னாத்துக்கு மெழுகுறீங்க" என்றாள். மாமா அவளுக்கு வணக்கம் வைத்து, அதே மீனை வாங்கிக்கொண்டு வந்தார்.

கோயிலில் இன்னும் மோசம். உன் கல்யாணத்தை அறிவித்து இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பிரசங்கம் சற்று நீண்டுவிட்டது. மாமா முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு சாமியாரைப் பார்த்து விரலைச் சுழற்றினார். பல்லவிக்குத் திரும்பி முடித்துவிடு என்று அர்த்தம். பூசை முடிந்ததும் சாமியார் என்னிடம் வந்து, அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டார். "நல்லா இருந்தது, மறுபடியும் சொல்லச் சொல்றாருங்க சாமி" என்றேன். மாமாவுக்குத் தொண்டையில்தானே அடி, காது நன்றாகக் கேட்கும். அங்கேயே காலைத் தரையில் உதைத்தார். சாமியார் என் பேச்சை நம்பி, அடுத்த வாரம் அதே பிரசங்கத்தை விரிவாகச் சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அம்மாவிடம் சொன்னால், "எங்க அண்ணன் வாய மூட டாக்டரு வந்தாரு. கைய மூட யாரு வருவாங்க" என்கிறாள். சிரித்துவிட்டுப் போய் அவருக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள். நீயாவது இந்த வீட்டில் நடப்பதை ஒரு வாரம் வந்து பார்த்திருந்தால் அவரைப் பாடக் கேட்டிருக்கமாட்டாய்.

நீ கேட்பதற்கு முன்னால் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சலீம் பாய் ஒரு நாள் எங்கள் எல்லோரையும் தன் வீட்டுக்கு அழைத்தார். ரிஷிவந்தியத்துத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வந்து, மாமாவுக்குப் பதில் ஒரு பையனைப் பாட வைத்துக்கொள்ளுங்கள், குழுவின் பெயர் இருந்தால் போதும் என்றார்களாம். சலீம் பாய் சுற்றி வளைக்கிறவர் இல்லை. "வேற ஆளக் கூட்டிக்கினு போயி, அவரு குந்தி பாக்கறப்ப வாசிக்க எனக்குக் கை வராது. இனிமே வெளியூரு ஆட்டம் கெடயாது, நிறுத்திக்கலாம்" என்றார். குப்புசாமி தேநீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்தோம், பழக்கம் அப்படி. அவர் சற்று நேரம் தொடைமேல் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையை மூடி உயர்த்தினார். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அவர் ஒழுங்காக இருந்தார். மருந்து குடித்தார். வேனை விற்றபோதுகூட வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாற்பது வருஷமாகத் திருவிழா தோறும் சுற்றிய மனிதர், தன் ஓட்டத்தைத் தானே நிறுத்திக்கொண்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ வீடியோ காலில் வந்து, "மாமா, என் ரிசப்ஷன்ல ஒரே ஒரு பாட்டு. அதோட ரிட்டயர் ஆயிடலாம்" என்றாய். பத்திரிகையிலும் "கோமுகி ரிதம்ஸின் கடைசி மேடை" என்று அடித்துவிட்டாய். உன் நண்பர்களெல்லாம் வருகிறார்களாம், படம் எடுக்கிறார்களாம். பிரியத்தில் கேட்டாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூடிய கையை நீ விரித்துவிட்டாய். உன் அம்மா தயங்கியபோது, பழைய பதிவைப் போட்டுவிடலாம், மாமா வாயசைத்தால் போதும் என்றாய். அதை அவரிடம் சொன்னதற்கு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார். ஒரு மேடையிலும் அவர் வாயசைத்ததில்லை. சளி பிடித்து, குரல் கீறிக்கொண்டு பாடியிருக்கிறார், ஆனால் அவரேதான் பாடியிருக்கிறார். அந்த யோசனையைக் கேட்ட பிறகு, எப்படியும் பாடியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவர் வீட்டு மாடித் தொட்டி தினமும் காலையில் வழிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வந்து முறையிட்டார், மாமாவிடம் முறையிட அவருக்கும் பயம். நான் போனேன். மாமா வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்று பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை காதில். உச்ச இடத்துக்கு ஏறப் பார்க்கிறார், வருவது காற்றும் கரகரப்பும்தான். நான் அவர் எதிரே போய் நின்றேன். கையை மூடி உயர்த்தினேன்.

நாங்கள் சேர்ந்து வாசித்த இத்தனை வருஷத்தில் யாரும் அவருக்கு அந்தச் சாடையைக் காட்டியதில்லை. அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பாடினார். அடுத்த மூச்சுக்கு இருமல் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு விசில் சத்தம். மோட்டார் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தவரை நான் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன். உதடு கறுத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. நான் மோட்டாரை அணைத்தேன். வழிந்துகொண்டிருந்த தொட்டியும் நின்றது. அப்போதுதான் கேட்டேன், இதெல்லாம் எதற்கு மச்சான், அவன் சின்னப் பையன், தெரியாமல் கேட்டுவிட்டான், முடியாது என்று சொல்லிவிடலாமே என்று.

அவருக்கு இப்போது நாலு சொல் பேச அனுமதி உண்டு. அடித்தொண்டையில் பேசினார். "கேட்டவன் யாரு மாப்ள? என் தங்கச்சி புள்ள. இது தாய்மாமன் சீரு. இல்லன்னு எந்த வாயில சொல்றது?"

அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதையோ, உனக்குக் காது குத்தியபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டு நீ அழாமலிருக்க அவர் பாடிய பாட்டையோ நான் உனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. அவர் உனக்கு இல்லையென்று சொன்னதே கிடையாது. சொல்லவும் மாட்டார். மூச்சு நின்றாலும் மேடையில் நின்று பாடுவார், நீ மாலையும் கழுத்துமாகப் பார்த்துக்கொண்டிருப்பாய், நாங்கள் பின்னால் வாசித்துக்கொண்டு அவர் கை எப்போது மூடும் என்று காத்திருப்போம். மலையில் ஒரு முறை அப்படிக் காத்திருந்தாயிற்று. இன்னொரு முறை என்னால் முடியாது, சேவியர்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை, உன் அம்மாவோடு நான் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று நீ பார்த்திருக்கிறாய். ஒன்று மட்டும் தோன்றுகிறது. நமக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத ஒரு ஆள் வீட்டில் எப்போதும் இருப்பார். அவரிடம் கேட்பதற்கு முன்னால் அந்த இல்லையை அவருக்காக நாமே யோசித்துவிட வேண்டும். உன் மனைவியாக வரப்போகிற பெண் அந்த மாதிரியா, அல்லது அவளுக்கு நீ அந்த மாதிரியா என்று எனக்குத் தெரியாது. கவனித்துப் பார்.

சனிக்கிழமை மூன்றாம் ஓலைக்காக வருகிறாய். மாமா எனக்கு முன்பே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார், உன் பெட்டியைப் பிடுங்கித் தூக்குவார். அங்கேயே சொல்லிவிடு. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, பக்குவமாக என்றெல்லாம் தள்ளிப் போடாதே, அப்படித் தள்ளிப் போட்டே நான் இந்த வயதுக்கு வந்திருக்கிறேன். பேசினால் நீ சுற்றி வளைப்பாய், அவர் பேசி உன்னை மடக்கப் பார்ப்பார், அதுவும் தொண்டைக்குக் கேடு. அதனால் பேசாதே. கையைக் காட்டு. வலது கை. கட்டைவிரல் உள்ளே போகும்படி மூட வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்வார். தோளுக்கு மேலே உயர்த்த வேண்டும். உயர்த்திய பிறகு ஆட்டக்கூடாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடித்திரு. அவர் தலையாட்டும்வரை இறக்காதே.

சீர் என்று அவர் வேறு ஏதாவது செய்தே தீருவேன் என்பார். மேடையில் நிற்கச் சொல். நாங்கள் மூவரும் வாசிக்கிறோம், பாட்டு இல்லாமல் வாசிக்கிறோம். முடிக்கச் சொல்ல ஒருவர் வேண்டும், அதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. வாயைத் திறக்காமல் அந்த வேலையை அவர் செய்யட்டும்.

நான் கையைக் காட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்று எழுதினேன். நீ காட்டினால் மூடமாட்டார். உன்னைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வந்து நிற்கிறார். உனக்குப் பின்னால் பழக்கடை ஓரமாக நானும் நிற்பேன். நானும் கையை மூடி உயர்த்தியிருப்பேன். அவர் என்னைக் கவனிக்கமாட்டார், பரவாயில்லை. நீ இறக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா